கடப்பாரை எடுக்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்
வீட்டுக் கழிவுநீர்க் குழாய்: வாசகர் கேள்வி பதில்

வீட்டுக் கழிவுநீர்க் குழாய் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம். பதில்களில் 4, 6 அங்குலம் என்று வரும் குழாய்களைக் கடையில் 110, 160 மி.மீ. என்று கேட்டு வாங்குங்கள்.

*

நாங்கள் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறோம். மாடியில் வாஷிங் மெஷின் தண்ணீரை விடும்போதெல்லாம் எங்கள் குளியலறைத் தரை ஜாலி வழியாக நுரையும் அழுக்குத் தண்ணீரும் பொங்கி வருகின்றன. மற்ற நேரங்களில் தண்ணீர் ஒழுங்காகத்தான் போகிறது. பிளம்பர் இரண்டு முறை ஆசிட் ஊற்றிவிட்டுப் போனார். தரையை உடைத்துப் பார்க்கலாம் என்கிறார் இப்போது. உடைக்கலாமா?
வாசகி, பெரம்பூர்

உடைக்க வேண்டாம். உங்கள் குளியலறையில் அடைப்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

மெஷின் ஓரிரு நிமிடத்தில் பல குடம் தண்ணீரை ஒரே மூச்சில் தள்ளுகிறது. பாதி அடைத்த குழாய், குவளை குவளையாக ஊற்றுகிற குளியல் தண்ணீரை மெல்ல விட்டுவிடும்; அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. தேங்கிய தண்ணீர் அந்த லைனில் எது தாழ்ந்த வாயோ அதைத் தேடி வரும். கீழ்த்தளக் குளியலறையின் தரை ஜாலிதான் பெரும்பாலான வீடுகளில் அது. ஆக, கோளாறு தெரியும் இடம் உங்கள் வீடு. கோளாறு இருக்கும் இடம் வெளியே, மாடியும் நீங்களும் சேர்ந்து பயன்படுத்தும் மெயின் லைன்.

பொதுவாக இப்படிப் பிரித்துப் பாருங்கள். வாஷ்பேசின் மட்டும் மெதுவாக இறங்கினால் அதன் ட்ராப்பில் (அடியில் தண்ணீர் நிற்கும் வளைவில்) கோளாறு. ஒரு குளியலறை முழுக்கத் தேங்கினால் அங்கிருந்து வெளியே போகும் கிளைக்குழாயில். வீடு முழுக்கவோ, மாடியில் விட்டது கீழே வந்தாலோ மெயின் லைனில்.

அடுத்து, வெளியே உள்ள சேம்பர் (கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் சிறு தொட்டி) மூடிகளை வீட்டிலிருந்து தெரு நோக்கி ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். திறந்ததும் முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். கால் மணி நேரம் காற்றாட விடுங்கள். பக்கத்தில் பீடி, தீக்குச்சி, ஊதுபத்தி எதுவும் கூடாது. உள்ளே மீத்தேன் இருக்கலாம். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

முதல் சேம்பரே காய்ந்து கிடக்க, வீட்டுக்குள் தண்ணீர் தேங்கினால் அடைப்பு குளியலறைக்கும் முதல் சேம்பருக்கும் நடுவில். முதல் சேம்பர் நிரம்பி, இரண்டாவது காலியாக இருந்தால் அந்த இரண்டுக்கும் நடுவில். எல்லாச் சேம்பரும் நிரம்பியிருந்தால் கடைசிச் சேம்பருக்கும் தெரு லைனுக்கும் இடையிலோ, தெரு லைனிலேயோ. அப்போது பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். அவர்கள் சேம்பரும் நிரம்பியிருந்தால் உங்கள் பிளம்பருக்கு அங்கே வேலையில்லை. சென்னைக் குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் பதியுங்கள். இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் போதும், செலவு இல்லை. இதைச் செய்யாமல் தரையில் கடப்பாரை வைக்கும் யாரையும் அனுமதிக்காதீர்கள்.

இடம் தெரிந்ததும், காலியாக இருக்கும் கீழ்ச்சேம்பரிலிருந்து மேல்நோக்கி ராடு (அடைப்பெடுக்கும் நீளக் கம்பி) விடச் சொல்லுங்கள். குழாய் வாய் கண்ணுக்குத் தெரியும், சாக்கடைக்குள் கைவிட்டுத் தேட வேண்டியதில்லை. ஒன்றோடொன்று திருகிச் சேர்க்கும் ராடு என்றால் வலப்பக்கமாக மட்டுமே சுற்ற வேண்டும். இடப்பக்கம் சுற்றினால் மரை கழன்று பாதி ராடு குழாய்க்குள்ளேயே தங்கிவிடும். பிறகு தோண்டாமல் எடுக்க முடியாது. ராடு விடும் முன், கீழ்ச்சேம்பரிலிருந்து வெளியேறும் வாயில் ஒரு கம்பி வலையைச் செருகி வையுங்கள். இல்லையென்றால் கிளம்பி வரும் துணியும் நாரும் அடுத்த வளைவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அடைப்பு விடும்போது தண்ணீர் பாய்ந்து வரும் என்பதால் ராடு பிடிப்பவர் பக்கவாட்டில் நிற்க வேண்டும். கையுறை, கண்ணாடி அவசியம். உங்கள் வீட்டில் இரண்டு முறை ஆசிட் ஊற்றியிருக்கிறது என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் முகத்தில் தெறிப்பது ஆசிட் கலந்த தண்ணீர்.

ராடில் என்ன சிக்கி வருகிறது என்று அவசியம் பாருங்கள். முடி, துணி, நாப்கின், பாத்திரம் தேய்க்கும் தேங்காய் நார் வந்தால் பழக்கத்தை மாற்றினால் போதும். வெள்ளையாகக் கட்டி கட்டியாக வந்தால் சமையலறை எண்ணெய். சல்லடை போல மெல்லிய வேர் வந்தால் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது. மண்ணும் ஓட்டுத் துண்டும் வந்தால் குழாய் உடைந்திருக்கிறது. முதல் இரண்டுக்கும் ராடு மருந்து. அடுத்த இரண்டுக்கும் ராடு தற்காலிகம்தான். சில வாரங்களில் அதே இடத்தில் மறுபடி அடைக்கும். அப்படி அடைத்தால் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பவர்கள் பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். தோண்டும் கூலியோடு ஒப்பிட்டால் அது வீண் செலவில்லை.

ஆசிட் பற்றி ஒரு வார்த்தை. குளியலறையில் ஊற்றும் ஆசிட், 20 அடி தள்ளி இருக்கும் துணி அடைப்பைப் போய்ச் சேர்வதற்குள் நீர்த்துவிடும். வழியில் சேம்பரின் சிமென்ட் பூச்சை அரிக்கும். மேலே பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. காஸ்டிக் சோடா போட்ட இடத்தில் ஆசிட் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். மெயின் லைன் அடைப்புக்கு இவை எதுவும் தேவையே இல்லை.

*

1980களில் கட்டிய வீடு. சேம்பரிலிருந்து தெருவரை சுமார் 40 அடிக்கு 6 அங்குல மண் குழாய். நடுவில் பெரிய வேப்ப மரம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அடைக்கிறது. ஒவ்வொரு முறையும் வேர் வருகிறது. மரத்தை வெட்டச் சொல்கிறார்கள். மனமில்லை. முழுக் குழாயையும் மாற்ற வேண்டுமா, அந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் போதுமா?
வாசகர், மதுரை

மரத்தை வெட்ட வேண்டாம். குழாய் ஒழுகுவதால்தான் வேர் வருகிறது. ஒழுகாத குழாயை வேர் சீண்டாது.

நீங்கள் சொல்லும் மண் குழாய், அதாவது கண்ணாடிப் பூச்சுப் போட்ட ஸ்டோன்வேர் குழாய்க்கு ஆயுள் அதிகம். அதன் உடம்பு கெட்டிருக்காது. அதன் பலவீனம் இணைப்பில். அந்தக் குழாய்கள் இரண்டு, இரண்டரை, மூன்று அடித் துண்டுகளாக வந்தவை. இரண்டடித் துண்டென்றால் உங்கள் 40 அடியில் இருபது இணைப்பு. ஒவ்வொன்றிலும் சணல் திணித்துச் சிமென்ட் பூசியிருப்பார்கள். மண் ஒரு நூல் அசைந்தாலும் அந்தச் சிமென்ட் விரியும். விரிசலில் கசியும் ஈரத்தையும் உரத்தையும் தேடி மயிரிழை வேர் நுழையும், உள்ளே போய்ப் பெருக்கும். அறுத்து எடுத்தால் கவாத்து செய்த செடி போல அடர்த்தியாக மறுபடி வளரும். மயில்துத்தம் போட்டால் வேர் சாகும் என்பார்கள். நுனி வேர் சாகும், விரிசல் அப்படியே இருக்கும்.

கேமரா விட்டுப் பார்த்து ஒரே ஓர் இணைப்பு மட்டும் கெட்டிருந்தால், மற்ற இடமெல்லாம் வாட்டம் (இறக்கம்) சரியாக இருந்தால், அந்த இணைப்பைச் சுற்றி ஆறடியை மட்டும் மாற்றலாம். இரண்டு மூன்று இடத்தில் வேர் தெரிந்தாலோ, நடுவில் குழாய் அமுங்கித் தண்ணீர் தேங்கி நின்றாலோ ஒட்டுப்போடுவது வீண். மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று நீங்கள் சொல்வதைப் பார்த்தால் 40 அடியையும் மாற்றுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. முடிந்தால் மரத்தைச் சுற்றிப் பாதையை விலக்கிக்கொள்ளுங்கள். பெரிய வேரை வெட்டினால் மரம் காற்றுக்குச் சாயும்.

குழாய் வாங்கும்போது கவனம். எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவு, மழைநீருக்கான பி.வி.சி.) குழாயில் ஐ.எஸ். 13592 என்ற இந்தியத் தர முத்திரையோடு டைப் ஏ, டைப் பி என்று இரண்டு உண்டு. டைப் ஏ மெல்லியது. மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும் மட்டும். கழிவுக்கு டைப் பி. மண்ணுக்குள் புதைக்க ஐ.எஸ். 15328 முத்திரை உள்ள பாதாளச் சாக்கடைக் குழாய் இன்னும் நல்லது. பத்தடி, இருபதடி நீளத்தில் வருவதால் 40 அடிக்கு மூன்று இணைப்புக்குள் முடிந்துவிடும்.

வாட்டம்தான் இந்த வேலையின் உயிர். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி இறக்கம், அதாவது பத்தடிக்கு 3 அங்குலம். 6 அங்குலக் குழாய்க்கு 60 அடிக்கு ஓர் அடி, பத்தடிக்கு 2 அங்குலம். உங்கள் 40 அடியில் 6 அங்குலக் குழாய் மொத்தம் 8 அங்குலம் இறங்க வேண்டும். கண்ணளவில் விடாமல் டியூப் லெவல் (மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூப்) வைத்து இரண்டு முனையிலும் முளை அடித்து, நூல் கட்டி, நூலிலிருந்து அளந்து தோண்ட வேண்டும். பெரிய குழாய் போட்டால் அடைக்காது என்று சிலர் 8 அங்குலம் போடச் சொல்வார்கள். ஒரு குடும்பத்தின் தண்ணீர் அதில் மெல்லிய படலமாகப் பரவி ஓடும். திடக் கழிவைத் தூக்கிச் செல்ல ஆழம் போதாது. அதுவே அடைப்புக்குக் காரணமாகும்.

பள்ளம் ஒன்றரை அடி அகலம் போதும். அடியில் கல் பொறுக்கிவிட்டு 4 அங்குலம் மணல் படுக்கை. தெருப் பக்கத் தாழ்ந்த முனையில் தொடங்கி மேல்நோக்கி வர வேண்டும். குழாயின் அகன்ற வாய் எப்போதும் தண்ணீர் வரும் திசையைப் பார்க்க வேண்டும். ரப்பர் வளையம் உள்ள இணைப்பு என்றால் செருகும் முனையை அரத்தால் சரிவாகச் சீவி, சோப்புக் கரைசல் தடவி முழுக்க உள்ளே தள்ளி, குறி போட்டு, அரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வெளியே இழுத்து விடுங்கள். வெயிலில் குழாய் நீள இடம் வேண்டும். எண்ணெயும் கிரீஸும் ரப்பரைக் கெடுக்கும். சொல்யூஷன் ஒட்டும் இணைப்பு என்றால் இரண்டு பக்கமும் துடைத்து, இரண்டிலும் சீராகத் தடவி, தள்ளிக் கால் சுற்றுத் திருகி அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ரப்பர் வாயில் சொல்யூஷன் ஊற்றி ஒட்டுவது பல இடங்களில் நடக்கும் தப்பு. அந்த வாயில் இடைவெளி அதிகம், ஒட்டாது.

திரும்பும் இடத்தில் 90 டிகிரி எல்போ வேண்டாம். இரண்டு 45 டிகிரி பெண்டு போடுங்கள். கிளை சேரும் இடத்தில் 'T' வடிவ இணைப்புக்குப் பதில் 'Y' வடிவ இணைப்பு. பழைய மண் குழாயும் புதிய பி.வி.சி.யும் சேரும் இடத்தில் வெறும் சிமென்ட் பூசுவது பயனற்றது. பி.வி.சி.யின் வழவழப்பில் சிமென்ட் பிடிக்காது, ஆறு மாதத்தில் வேர் மறுபடி வரும். ஸ்டீல் கிளாம்பு போட்ட ரப்பர் கப்ளர் பொருத்துங்கள். கிடைக்கவில்லையென்றால் அந்த இடத்தில் ஒரு சேம்பர் கட்டிவிடுங்கள். பிற்காலத்தில் ராடு விடவும் உதவும்.

மூடும் முன் சோதனை. கீழ்முனையை அடைத்து மேல்சேம்பர்வரை தண்ணீர் நிரப்பி அரை மணி நேரம் பாருங்கள். மட்டம் இறங்கினால் எந்த இணைப்பு நனைகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகே மண். முதலில் குழாயின் இரு பக்கமும் சலித்த மண்ணைக் கையால் குத்தி இறுக்கி, மேலே அரையடிவரை அதே மண். அதற்கு மேல் தோண்டிய மண்ணை அரையடி அரையடியாகக் கெட்டிக்கலாம். கார் ஏறும் இடத்தில் குழாய் இரண்டடி ஆழம்கூட இல்லையென்றால் சுற்றிலும் கான்கிரீட் போட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வெளியே தெருவில் உள்ள இணைப்பில் மாநகராட்சி அனுமதி இல்லாமல் கைவைக்கக் கூடாது.

*

விருந்தினர் அறைக் குளியலறையைத் திறந்தாலே சாக்கடை நாற்றம். எங்கும் அடைப்பு இல்லை.
வாசகி, சேலம்

ட்ராப்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது. தரை ஜாலிக்குக் கீழே நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றைத் தடுக்கும் கதவு. புழங்காத அறையில், அதுவும் கோடையில், சில வாரங்களில் வற்றிவிடும். வாரம் ஒரு வாளி ஊற்றுங்கள். ஊருக்குப் போவதானால் தண்ணீருக்கு மேல் இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய் விட்டால் ஆவியாவது குறையும். கரப்பான் வருவதும் குறையும்.

புழங்கும் அறையிலேயே நாற்றம் வந்து, பக்கத்தில் ஃபிளஷ் செய்யும்போது ஜாலியில் 'களக் களக்' என்று சத்தமும் கேட்டால் மாடியில் காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது. காற்று கிடைக்காத குழாய் உங்கள் ட்ராப் தண்ணீரை உறிஞ்சிவிடும். மேலே உள்ள தொப்பியில் குளவிக் கூடோ குருவிக் கூடோ இருக்கும். தொப்பியே இல்லாமல் சிமென்ட் வைத்து மூடிய வீடுகளும் உண்டு. நாற்றம் வருகிறது என்று மொட்டை மாடிக் குழாயை மூடினால் அந்த நாற்றம் வீட்டுக்குள் வரும்.

*

எங்கள் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி 6,000 லிட்டர். நான்கடி தள்ளிக் கழிவுநீர்ச் சேம்பர். கொஞ்ச நாளாகத் தொட்டியில் தண்ணீர் குறையும்போது மட்டும் வாடை வருகிறது. நிரம்பினால் இல்லை. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. சம்பந்தம் இருக்குமா?
வாசகி, கோயம்புத்தூர்

இருக்கும் என்றே வைத்துக்கொண்டு இன்றே நடவடிக்கை எடுங்கள். குடிக்கவும் சமைக்கவும் பல் துலக்கவும் இந்தத் தண்ணீரைத் தொடாதீர்கள். குழந்தையை மருத்துவரிடம் காட்டும்போது தண்ணீர் விஷயத்தையும் சொல்லுங்கள்.

நீங்கள் கவனித்திருக்கும் அடையாளம் மிகத் தெளிவானது. தொட்டி நிரம்பியிருக்கும்போது உள்ளிருக்கும் தண்ணீரின் அழுத்தம் விரிசல் வழியாக வெளியே தள்ளும். மட்டம் குறைந்ததும் வெளியே மண்ணில் ஊறிய கழிவுநீர் அதே விரிசல் வழியாக உள்ளே வரும். நிரம்பியபோது கலப்பது குறைவு, நீர்த்துப்போவதும் அதிகம், அதனால் வாடை தெரிவதில்லை. சுத்தமாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

தொட்டியை முழுக்க இறைத்து, மூடியை நன்றாகத் திறந்து காற்றாட விட்டு, மேலிருந்தே டார்ச் அடித்து ஒரு நாள் பாருங்கள். சேம்பர் பக்கச் சுவரில் ஈரம் கசிந்து கோடாக இறங்கும் இடம் தெரியும். சந்தேகமிருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் அடர்த்தியாகக் கேசரிப் பவுடர் கரைத்துச் சேம்பரில் ஊற்றலாம். நிறம் தொட்டிக்கு வந்தால் உறுதி. வராவிட்டால் நிம்மதியடைய முடியாது. மண் நிறத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமியை விட்டுவிடும்.

முதலில் சேம்பர், பிறகு தொட்டி. சேம்பருக்குள் தண்ணீர் ஓட அரைவட்டக் கால்வாயும் இருபுறமும் சரிவும் இருக்க வேண்டும். தட்டையான தளமென்றால் கழிவு தேங்கிப் பூச்சை அரித்து மண்ணுக்குள் இறங்கும். பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமென்ட் ஒன்றுக்கு மணல் மூன்று கலவையில் நீர்க்கசிவுத் தடுப்பு மருந்து கலந்து பூச வேண்டும். குழாய் சுவருக்குள் நுழையும் வளையத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். கசிவு பெரும்பாலும் அங்கேதான். இடம் இருந்தால் அந்தச் சேம்பரையே வேறு பக்கம் மாற்றிவிடுங்கள், நான்கடி மிகக் குறைவு. தொட்டி விரிசலை அதன் பிறகு அடையுங்கள். பூச்சு வேலைக்கு ஆள் உள்ளே இறங்கும்போது மேலே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.

எல்லாம் முடிந்து தொட்டியை நிரப்பியதும் 1,000 லிட்டருக்கு 150 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், உங்கள் தொட்டிக்கு 900 கிராம். வாளியில் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, எல்லாக் குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, ஒரு நாள் வைத்திருந்து முழுவதும் வெளியேற்றுங்கள். அதைக் குடிக்கக் கூடாது. புதுத் தண்ணீர் பிடித்து ஆய்வகத்தில் கிருமிப் பரிசோதனை செய்த பிறகே குடிக்கலாம்.

தெருக் குழாயில் நேராக மோட்டார் வைத்து உறிஞ்சும் வழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். உறிஞ்சும்போது குழாயின் ஒவ்வொரு பொத்தலும் பக்கத்துச் சாக்கடையை இழுக்கும். சட்டப்படியும் குற்றம்.

*

ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருச் சாக்கடை நிரம்பிக் கழிவறை வழியாக வீட்டுக்குள் வருகிறது. ரிட்டர்ன் வராத வால்வு போடலாமா?
வாசகர், வேளச்சேரி

போடலாம். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: உங்கள் மாடி மழைநீர்க் குழாய் எங்கே முடிகிறது? சேம்பரில் விட்டிருந்தால் அதை முதலில் பிரியுங்கள். ஆயிரம் சதுர அடி மாடியில் ஓர் அங்குல மழை பெய்தால் சுமார் 2,360 லிட்டர் தண்ணீர். ஐந்து பேர் உள்ள குடும்பம் நான்கு நாளில் வெளியேற்றும் கழிவுநீர் அளவு அது. ஒரு மணி நேரத்தில் அதைச் சாக்கடையில் கொட்டினால், தெரு முழுக்க அப்படியே கொட்டினால், குழாய் எப்படித் தாங்கும்? மழைநீரைக் கழிவுநீர் லைனில் விடுவது விதிப்படியும் தவறு. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்தக் குழிக்குத் திருப்புங்கள்.

வால்வை வீட்டின் கடைசிச் சேம்பருக்குள், கைக்கு எட்டும்படி பொருத்துங்கள். மண்ணுக்குள் புதைத்தால் பராமரிக்க முடியாது. உள்ளே ஒரு மடல் தொங்கும். தெருவிலிருந்து தண்ணீர் திரும்பினால் அது மூடிக்கொள்ளும். நார் ஒன்று இடுக்கில் மாட்டினாலும் முழுக்க மூடாது, ஆகவே புரட்டாசியில் ஒருமுறையும் மழைக்கு நடுவில் ஒருமுறையும் கழுவ வேண்டும். இன்னொன்றை வீட்டார் அனைவருக்கும் சொல்லிவையுங்கள்: மடல் மூடியிருக்கும்போது உங்கள் தண்ணீரும் வெளியே போகாது. மாடியில் குளித்தால் அது கீழ்த்தளத்தில்தான் வந்து நிற்கும்.

*

செப்டிக் டேங்க் கட்டி ஒன்பது ஆண்டு. ஒருமுறையும் எடுத்ததில்லை. திறந்து பார்த்தால் மேல்வரை தண்ணீர். மழைக்காலத்தில் கழிவறை இறங்குவதில்லை. கழிவு உறிஞ்சும் லாரி கேட்கும் தொகையில் பாதிக்கு, இறங்கிச் சுத்தம் செய்து தருவதாக இருவர் வந்தார்கள். நாட்டுச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டால் கரைந்துவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். என்ன செய்வது?
வாசகர், தேனி

அந்த இருவரையும் இறக்காதீர்கள். அவர்கள் எவ்வளவு வற்புறுத்தினாலும், எத்தனை வருட அனுபவம் என்றாலும்.

தொட்டியைக் கிளறியவுடன் கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வாயு போய்விட்டது என்று நினைக்கிற அந்த நேரத்தில்தான் ஆள் சுருண்டு விழுவார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் விழுவார். தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது, மரக்கிளையை விட்டு ஆட்டுவது எதுவும் காப்பாற்றாது. 2013ஆம் ஆண்டின் கையால் கழிவகற்றும் பணித் தடைச் சட்டம், பாதுகாப்பின்றிச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. வீட்டுக்காரரும் அதில் அடக்கம். முதல் குற்றத்துக்கே இரண்டாண்டுவரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். இப்படி இறப்பவர் குடும்பத்துக்கு இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சமாகவும், 2023 அக்டோபரில் 30 லட்சமாகவும் நிர்ணயித்தது. மிச்சம் பிடிக்கும் பாதித் தொகை ஓர் உயிருக்கு ஈடாகுமா? லாரிக்கு 14420 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது நகராட்சியில் உரிமம் பெற்ற வண்டியைக் கேளுங்கள். எப்போதாவது யாரேனும் உள்ளே விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காமல் 101, 108 எண்களை அழையுங்கள்.

இனி தொட்டி. மேல்வரை தண்ணீர் நிற்பது கோளாறு அல்ல. செப்டிக் டேங்க் எப்போதும் வெளியேறும் வாய்வரை நிரம்பித்தான் இருக்கும். பார்க்க வேண்டியது அடியில் உள்ள வண்டல். நீளக் கழியில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றி, மேலே நின்றபடியே அடிவரை விட்டுச் சில நிமிடம் வைத்து எடுங்கள். கறுத்திருக்கும் உயரம்தான் வண்டல். தொட்டி ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தால் எடுத்தாக வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுக்க வேண்டியதை ஒன்பது ஆண்டு விட்டிருக்கிறீர்கள். வண்டல் வழிந்து, டேங்க்கிலிருந்து வெளியேறும் தண்ணீரை மண்ணில் இறக்கும் உறிஞ்சு குழியின் மண் துளைகளை அடைத்திருக்கவும் கூடும்.

மழையில் மட்டும் தேங்குவதற்குக் காரணம் அந்தக் குழியாகத்தான் இருக்கும். சுற்றியுள்ள மண் ஏற்கெனவே ஊறிக் கிடக்கும்போது தண்ணீரை எங்கே வாங்கும்? இப்போது லாரி வைத்து எடுத்தாலும் சில நாளில் நிரம்பும். அவசரத்துக்குக் கொஞ்சம் எடுத்துவிட்டு, பங்குனி, சித்திரையில் முழுக்க எடுங்கள். அப்போது வெளியேறும் பக்கத்து 'T' வடிவக் குழாய் உடைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதன் கீழ்க்கால் தண்ணீருக்குள் ஓரடியாவது இறங்கியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் மேலே மிதக்கும் கழிவுப் படலம் நேராகக் குழிக்குப் போகும். கோடையிலும் குழி தண்ணீரை வாங்கவில்லையென்றால் புதுக் குழிதான் வழி. கிணறு, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து 18 மீட்டர் தள்ளி அமையுங்கள். எடுத்து முடித்ததும் அடியில் ஓர் அங்குல வண்டலை விட்டுவிட்டு நல்ல தண்ணீர் நிரப்புங்கள். உள்ளே பினாயிலோ ஆசிட்டோ ஊற்றிக் கழுவக் கூடாது.

சர்க்கரையும் ஈஸ்ட்டும் வேண்டாம். தேவையான நுண்ணுயிர் மலத்திலேயே தாராளமாக இருக்கிறது. ஒன்பது ஆண்டு வண்டலை எந்தப் பொடியும் கரைக்காது.

*

சமையலறைக் குழாய் மட்டும் மாதாமாதம் அடைக்கிறது. கொதிநீர் ஊற்றினால் சரியாகிறது.
வாசகி, திருநெல்வேலி

கொதிநீர் எண்ணெயை உருக்கி நான்கடி தள்ளி உறைய விடுகிறது, அவ்வளவுதான். அங்கே அடைத்தால் எடுப்பது இன்னும் கஷ்டம். வடசட்டியைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். சோற்றுக் கஞ்சியையும் மாவு கழுவிய நீரையும் செடிக்கு ஊற்றலாம். வெளியே எண்ணெய் பிடிக்கும் தொட்டி ட்ராப் இருந்தால் வாரம் ஒருமுறை மேலே படியும் வெள்ளைப் படலத்தை அள்ளிக் குப்பையில் போடுங்கள்.

*

புது வீடு கட்டுகிறோம். குழாய்ப் பள்ளத்தை இந்த வாரம் மூடப் போகிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?
வாசகர், தஞ்சாவூர்

மேலே மதுரை வாசகருக்குச் சொன்ன வாட்டமும் தண்ணீர்ச் சோதனையும் உங்களுக்கும் பொருந்தும். கூடவே இரண்டு சேம்பருக்கு நடுவே நேர்க்குழாயில் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். முழு வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். பிறை போலத் தெரிந்தால் நடுவில் குழாய் தூக்கியோ அமுங்கியோ இருக்கிறது. திருப்பம், இணைப்பு ஒவ்வொன்றிலும், நேராகப் போனாலும் 20, 30 அடிக்குள் ஒன்றும் சேம்பர் இருக்க வேண்டும். சேம்பரே வைக்காமல் டைல்ஸுக்கு அடியில் 50 அடி ஓட்டும் அழகுணர்ச்சி பிற்காலத்தில் பெரும் தொல்லை. மூடியை டைல்ஸ் போட்டு ஒட்டி மறைக்கவும் விடாதீர்கள்.

டைல்ஸ் வேலை முடியும்வரை ஒவ்வொரு ட்ராப்பின் வாயையும் சாக்குத்துணி திணித்துக் கட்டிவையுங்கள். சிமென்ட் பால் கழுவிய தண்ணீரைக் கொத்தனார்கள் ஜாலியிலேயே ஊற்றுவார்கள். உள்ளே போய் இறுகினால் ராடும் ஆசிட்டும் உதவாது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மண் தள்ளும் முன், அளவு நாடாவைச் சுவரிலிருந்து குழாய்வரை நீட்டி வைத்து, ஒவ்வொரு பெண்டையும் ஒவ்வொரு இணைப்பையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆழத்தையும் குறித்து, அந்தத் தாளை மின்இணைப்பு அட்டையோடு சேர்த்து வையுங்கள்.